மாடிப்படியில் சடாமாஞ்சில்

இன்று காலை ஒரு சீசா கை தவறி விழுந்து உடைந்தது. சுண்டுவிரல் உயரத்துப் பழுப்புச் சீசா. உடைந்த சத்தம் கேட்டது, தரையில் சடாமாஞ்சில் எண்ணெய் பரவியது தெரிந்தது. மற்றது எனக்குத் தெரியவில்லை. பழந்துணி தேடிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டு தேவகி படியேறி வந்து, துப்பட்டாவால் பாதி மூக்கை மூடியபடி கதவுக்கு வெளியே நின்றாள்.

“சார், உங்க ஊட்ல எலி எதனா செத்துப்போச்சா, இல்ல பூஜை கீஜை பண்றீங்களா? ரெண்டு மாதிரியும் வருது.”

சடாமாஞ்சிலைப் பற்றி இவ்வளவு துல்லியமான ஒரு மதிப்பீட்டை என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் கேட்டதில்லை. எண்ணெய் கொட்டிவிட்டது என்றேன். ரொம்ப வருகிறதா என்று கேட்டேன்.

“இன்னா சார் இப்படி கேக்கறீங்க? படி பூரா வருது. உங்களுக்கு வரலியா?”

எனக்கு வரவில்லை. ஊரடங்கு போடவைத்த அந்த நோய் வந்த முதல் கோடையில் என் மூக்கு போயிற்று. போனது போனதுதான். திருவள்ளூரில் நான் பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர் நல்ல மனிதர். நாலு வாசனைப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள், அது எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே மோந்து பாருங்கள், ஒருநாள் வரலாம் என்றார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் என்று எழுதியும் கொடுத்தார். அவை எனக்குச் சம்பந்தமில்லாதவை. நான் என் சொந்த நாலு சீசாக்களை வைத்துக்கொண்டேன்: சடாமாஞ்சில், கோட்டம், அகில், வெள்ளைப்போளம். விதிமுறைப்படி திறப்பேன், மோப்பேன், மூடுவேன். வாசனை வராது. பெயர் மட்டும் வரும். வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த சீசாவுக்குப் போவேன். பார்க்கிறவர்கள் ஜபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டியில், ஒரு வலி நிவாரணத் தைலக் கம்பெனியில். சுற்றிலும் இரும்பு உருக்குகிறவர்கள், டயர் செய்கிறவர்கள், பெயின்ட் கலக்குகிறவர்கள். எங்கள் ஷெட் ஒன்றுதான் இமயமலை வேரை நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தது. எளாவூர் சோதனைச் சாவடியில் எங்கள் மூட்டை லாரிகளை நிறுத்தினால், ஏறிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உடனே இறங்கிவிடுவார் என்று டிரைவர்கள் சொல்லுவார்கள். எங்கள் மருந்து வேலை செய்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் சான்று அதுதான்.

தரக் கட்டுப்பாட்டுக்கு நான் பொறுப்பு. வந்திறங்கும் சரக்கைக் கண்ணால் பார்ப்பது, எடை பார்ப்பது, ஈரம் பார்ப்பது, கடைசியாக மூக்கால் பார்ப்பது. மூக்குச் சோதனைக்கென்று ஒரு செயல்முறைக் குறிப்பு இருந்தது. எழுதியவன் நான். சோதிப்பவர் அன்று காலை வெங்காயம் தின்றிருக்கக் கூடாது, பொடி போடக் கூடாது, பெண்கள் பூ வைத்திருக்கக் கூடாது. மூன்று மூக்குகள் தனித்தனியே சொல்ல வேண்டும். ஒரு மூக்கு என்னுடையது. இரண்டாவது ஸ்டோர்ஸ் ராமுலுவுடையது. அவர் ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். மூன்றாவது, என் பிரிவில் உதவியாளராக இருந்த பிலோமினாவுடையது. கவரைப்பேட்டைப் பக்கம். அப்பா அம்மா ஊரார் கழனியில் நாற்று நட்டவர்கள். இவள் கம்பெனி கோட்டு போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்து, பூ வைக்கக் கூடாது என்ற விதியை எழுதியவனைப் பார்வையாலேயே காய்ச்சுவாள்.

“ராமுலு அண்ணன் பீடி குடிச்சிட்டு வந்து மோக்கறாரு, அத கேக்க ஆளில்ல. என் மல்லிப்பூதான் உங்க கண்ண உறுத்துதா சார்?”

அந்தக் குறிப்பில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு வாசனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சோதிப்பவர் தன் சட்டைக் கையை மோந்துகொள்ள வேண்டும். தராசை எடை போடுமுன் சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, கொண்டுவருவதுபோல. தன் வாசனை தனக்குத் தெரியாது என்பது அதன் தத்துவம். ஒருமுறை என் சட்டையைப் பற்றி பிலோமினா, “உங்க சட்டைல சீயக்காயும் அம்மா தாளிக்கிற கருவேப்பிலையும் அடிக்குது சார், இதுவா சுழி?” என்றாள். சிரித்துவிட்டுக் குறிப்பை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

அம்மா என்று அவள் சொன்னது என் மனைவி சுலோச்சனாவை. கடம்பத்தூர்க்காரி. திருவள்ளூர் கோர்ட்டில் தட்டச்சர். பிறர் வழக்குகளை நாளெல்லாம் தட்டிவிட்டு வந்து, மாலையில் என் வழக்கை எடுத்துக்கொள்வாள். கம்பெனி பஸ் பெரியபாளையம் வழியாக வந்து என்னைத் தேரடியில் இறக்கிவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் காபிக்கு முன்னால் சட்டையின் தோளைப் பிடித்து இழுத்து மோப்பாள். அன்று எந்தச் சரக்கு கொதித்தது என்று சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. கல்யாணமான புதிதில் சட்டையை ஊறப்போடுமுன் முகம் சுளித்து ஆரம்பித்தது, எப்படியோ பந்தயமாகி, பந்தயம் வழக்கமாகிவிட்டது.

“கோட்டம். கூட கொஞ்சம் சந்தனம். கரெக்டா இல்லியா?”

“கரெக்ட்.”

“பேரு எங்க போச்சு, சொல்லுங்க.”

சரக்கின் பெயர் எந்தெந்த நாட்டுக்குப் போயிற்று என்று சொல்வது, அவள் ஜெயித்தால் நான் கட்ட வேண்டிய அபராதம். படித்ததையெல்லாம் கேட்பதற்கு உலகத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவள். கோட்டம் என்கிற நம் வாய்ச்சொல்லுக்கு மூலம் வடமொழிக் குஷ்டம். அந்த வேர்தான் கப்பலேறிக் கிரேக்கர்களிடம் போய்க் கோஸ்டோஸ் ஆயிற்று, ரோமானியர்களிடம் கோஸ்டஸ் ஆயிற்று. அவர்கள் அதைப் பூசிக்கொண்டு விருந்துக்குப் போனார்கள். இங்கே எங்கள் விற்பனை மேலாளர், “லேபிள்ல குஷ்டம்னு போட்டா எவன் சார் வாங்குவான்?” என்று தாவரவியல் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டார். ரோமாபுரிக்கு இல்லாத கூச்சம் எங்கள் விற்பனைப் பிரிவுக்கு இருந்தது.

தைலம் என்ற சொல்லே எள்ளிலிருந்து வந்தது என்று நான் சொன்ன அன்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. திலம் என்றால் எள், அதிலிருந்து எடுத்தது தைலம். “அப்போ எண்ணெயும் எள்ளு, தைலமும் எள்ளு. நீலகிரித் தைலத்துல எள்ளு எங்கங்க கீது? ஊரையே ஏமாத்திக்கினு கீறீங்க” என்றாள். வெட்டிவேர் மட்டும் பெயர் மாறாமல் தமிழ்ப்பெயரோடேயே உலகம் முழுக்கப் போயிற்று என்றபோதுதான் சமாதானமானாள். “ஒண்ணாவது மானத்தோட போச்சே.”

அவளுக்கு மிகவும் பிடித்தது சடாமாஞ்சில். வாசனையும் பிடிக்கும், கதையும் பிடிக்கும். வேர் சடைமுடிபோல இருப்பதால் சடாமாஞ்சில். அதற்கே வடமொழியில் நளதம் என்று இன்னொரு பெயர், மணம் தருவது என்று பொருள் சொல்வார்கள். பனிமலையிலிருந்து இறங்கி, ஒட்டகத்திலும் கப்பலிலும் மேற்கே போய், எபிரேயர் வாயில் நேர்த் ஆகி, கிரேக்கர் வாயில் நார்டோஸ் ஆயிற்று. அரசர்கள் தலையில் ஊற்றிக்கொண்டார்கள், செத்தவர்கள் உடம்பில் பூசினார்கள். “செத்தவங்களுக்கா?” என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம், போளமும் அகிலும் நளதமும் அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் பிணத்துக்குத்தான் செலவாயிற்று என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

“எனக்கு இத தடவிடுங்க. அகர்பத்திலாம் வேணாம். இத நெத்தியில தடவிட்டு அனுப்பிடுங்க.”

நான் ஏதோ கிண்டல் சொன்னேன். என்ன கிண்டல் என்பது மறந்துவிட்டது. அவள் சொன்னது மறக்கவில்லை.

நோய் வந்த அந்தக் கோடையில் எல்லாம் அடைத்துக் கிடந்தது. மருந்துக் கம்பெனி என்பதால் எங்களுக்கு மட்டும் பஸ் ஓடியது, ஒரு சீட்டுக்கு ஒருவர். கிருமிநாசினித் தெளிப்பு, வெப்பமானி, முகக்கவசம், இடைவெளி எல்லாவற்றுக்கும் செயல்முறைக் குறிப்பு எழுதியது நான்தான். மூக்குச் சோதனைக்கு மட்டும் முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று ஒரு விதிவிலக்கு எழுதி, அதைப் பற்றிப் பெருமையும் பட்டேன்.

ஒருநாள் மாலை சட்டையை இழுத்து மோந்தவள், “இன்னிக்கு லீவா வுட்டாங்க? ஒண்ணுமே வரலியே” என்றாள்.

அன்று நாள் முழுக்கச் சடாமாஞ்சில் கொதித்தது. கொப்பரைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்திருக்கிறேன். சொன்னேன்.

மறுபடி மோந்தாள். “சத்தியமா வரல. சரக்கு மட்டம். எவனோ உங்க தலையில கட்டிட்டான்.”

எனக்குச் சந்தேகமே வரவில்லை. சடாமாஞ்சிலில் கலப்படம் சகஜம். வேறு வேரைச் சேர்ப்பார்கள், சத்தை வடித்துவிட்டுச் சக்கையை அனுப்புவார்கள். ஆய்வறிக்கை சரியாக இருந்தது. அறிக்கையா சுலோச்சனாவின் மூக்கா என்றால் எனக்கு மூக்குதான். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கொப்பரைச் சரக்கு முழுவதையும் நிறுத்தி வைத்தேன். சப்ளையருக்குப் போன் போட்டு, படித்தவன் பேசக் கூடாத இரண்டு வார்த்தைகளையும் பேசினேன். மூன்று மூக்குகளும் உட்கார்ந்தன. வெங்காயம் இல்லை, பூ இல்லை, பீடிகூட இல்லை.

“மஞ்ச்சி சரக்கு நைனா” என்றார் ராமுலு. நல்ல சரக்கு என்று அர்த்தம்.

“நல்லாத்தான் கீது சார்” என்றாள் பிலோமினா. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. சட்டைக் கையை மோந்துகொண்டு மறுபடி பார்த்தேன். அப்பழுக்கில்லாத சடாமாஞ்சில்.

“யாரு சார் மட்டம்னு சொன்னது?”

“வீட்டில்.”

பிலோமினா சிரிக்கவில்லை. “அம்மா மூக்கு தப்பு சொல்லாதே சார். ஜல்பு புடிச்சிருக்கும்.”

ஜலதோஷம். அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. மூக்குதான் முதலில் போகும் என்பது அப்போது எங்கள் பக்கம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அப்போதும் எனக்கு அவளோடு வாதாடி ஜெயிக்கும் எண்ணம்தான். அந்தக் கொப்பரையிலிருந்து ஒரு சிறு பழுப்புச் சீசாவில் எண்ணெய் எடுத்து, வெளியே எடுத்துச் செல்ல எனக்கு நானே அனுமதிச் சீட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘மறுபரிசோதனை’ என்று போட்டேன்.

வீட்டில் சுலோச்சனா போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அந்த வெயிலில். சீசாவைத் திறந்து மூக்கருகே நீட்டினேன். தலையாட்டினாள். எழுந்துபோய்ச் சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திறந்தாள், காபித்தூளைத் திறந்தாள், கடைசியில் மண்ணெண்ணெய் கேனையும் திறந்து குனிந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சரக்கு மேல தப்பில்லங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் வாசல் வரைதான் போகலாம். வெளியூரிலிருந்த மகளுக்கு வர வழியில்லை. எனக்கும் காய்ச்சல் வந்து வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். போனில்தான் பேச்சு. அவளுக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் வாயடிப்பதை நிறுத்தவில்லை.

“பக்கத்து பெட்டுல எல்லாம் ஆஸ்பத்திரி நாத்தம் தாங்கலன்றாங்க. எனக்கு அந்தப் பேஜாரே இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “இன்னிக்கு இன்னா சரக்கு?” என்றாள்.

நான் வேலைக்கே போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அகில் என்றேன்.

“வாசனதான் இல்ல. பேராவது சொல்லுங்க.”

சொன்னேன். அகில் நம் ஊர்ப் பெயர். கிரேக்கர்கள் அகல்லோகோன் என்றார்கள். ரொம்பப் பிற்பாடு போர்த்துகீசியர்கள் கப்பலில் வந்தார்கள். அவர்கள் காதில் அது அகிலா என்று விழுந்தது. அவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லுக்குக் கழுகு என்று அர்த்தம். அதைக் கேட்டு ஆங்கிலேயர்கள் கழுகு மரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மரத்துக்கும் கழுகுக்கும் ஜென்மத்தில் சம்பந்தமில்லை.

போனில் இருமலா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். “கழுகா?” என்றாள். “நல்ல வேளை, காக்கான்னு வெக்கல.” அதற்கு மேல் பேச முடியவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்றாள்.

எனக்குக் காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் காலை கூப்பிட்டார்கள். போனேன். சீசா சட்டைப் பையில் இருந்தது. பிணவறைக்கு வெளியே தலையிலிருந்து கால்வரை கவச உடை போட்ட ஒரு ஊழியர் வந்தார். முகம் தெரியாது, கண் மட்டும் களைத்திருந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எதையும் மணியோடு தெரிந்துகொள்கிற பழக்கம்.

“விடிகாலைல ரவுண்ட்ஸ் வந்தப்போ பாத்தாங்களாம் சார். எப்போன்னு தெரியல.”

நெற்றியில் ஒரு சொட்டு வைக்க வேண்டும் என்றேன். சீசாவைக் காட்டினேன். அவர் சீசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஜிப் போட்டாச்சு சார். தொறக்கக் கூடாது. ஆர்டர் கீது.”

அந்த ஆணையை நான் படித்திருக்கிறேன். அவரைவிட நன்றாகவே படித்திருப்பேன். எத்தனை அடி தூரம், எத்தனை பேர், என்ன கரைசல், எந்த வரிசை, எல்லாம் தெரியும். எந்த ஓட்டையும் இல்லாமல் நன்றாக எழுதப்பட்ட ஆணை. இப்படி ஒன்றை நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன். என் வாழ்நாளில் முதல்முறையாக, படித்திருக்கும் ஒரு விதியை எதிர்த்து நின்று கெஞ்சினேன். அவர் அதட்டவில்லை. “மேலாப்ல ஊத்தட்டா சார்?” என்று தணிந்த குரலில் கேட்டார். பிளாஸ்டிக்கின் மேல் எண்ணெய் ஊறாது, வழிந்து தரைக்குப் போய்விடும். அது என் தொழில். வேண்டாம் என்று தலையாட்டினேன். சுற்றிலும் பிளீச்சிங் பவுடரின் வெண்மை. அங்கே எனக்கு எந்த நெடியும் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் பிலோமினா ஒரு டிபன் கேரியரோடு வந்தாள். கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் வீட்டைப் பெருக்கினாள். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் அந்தச் சீசாவைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்தாள்.

“எங்க சாமி கதையிலயும் இப்படித்தான் சார். அடக்கம் பண்ணதுக்கு அப்புறம் பொம்பளைங்க விடிகாலைல சுகந்தம், தைலமெல்லாம் எடுத்துக்கினு கல்லறைக்குப் போறாங்க, உடம்புல தடவணும்னு. போனா அங்க உடம்பே இல்ல. உசுரோட எழுந்துட்டாரு. அது சந்தோசந்தான். ஆனா தடவல சார் அவுங்க. தடவணும்னு போனவங்க தடவல.”

“அந்தத் தைலத்தை அப்புறம் என்ன செய்தார்கள்?”

“அத எங்க ஃபாதர் யாரும் சொல்லல. நானும் சின்னதுலேர்ந்து யோசிச்சிக்கினுதான் கீறேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஊட்டுக்குத்தான் எடுத்துக்கினு போயிருப்பாங்க. காசு போட்டு வாங்கனது, கொட்டிடுவாங்களா? எவளாவது ஒருத்தி முட்டி வலின்னு தடவிக்கினு இருப்பா.”

நான் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு. அவளும் சிரித்துவிட்டு, “குடுங்க சார், எனக்கும் முட்டிதான் வலிக்குது” என்றாள். புடவையை முழங்கால் வரை இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து நாலு சொட்டு தேய்த்தாள். கூடம் முழுக்க வந்துவிட்டது சார் என்றாள். நல்ல சரக்கு, அம்மாகிட்ட சொல்லுங்க என்றாள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சீசாவை இறுக மூடி என் கையில் கொடுத்துவிட்டுக் கேரியரைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். மூக்கில்லாத மூக்குச் சோதனையாளனை ஒரு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிலோமினா சொல்வதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கம்பெனி கை மாறியது. வாங்கினவர்கள் கொப்பரைகளைக் கழற்றி விற்றுவிட்டு ஷெட்டைப் பொட்டலம் சேமிக்கும் கிடங்காக்கினார்கள். தைலம் இப்போது வேறு மாநிலத்தில் வேறு பெயரில் வருகிறது; சடாமாஞ்சிலுக்குப் பதிலாக ஏதோ வாசனைத் திரவமாம், இயந்திரம்தான் மோந்து பார்க்கிறதாம். ராமுலு போய்விட்டார். பிலோமினா மருமகள் பிரசவத்துக்கென்று ஓசூர் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். எப்போதாவது போன் செய்து, முட்டி எப்படி என்று நான் கேட்பதற்கு முன்னால், மூக்கு எப்படி என்று கேட்பாள். அந்த நாளில் எங்கள் ஷெட் வாசலில் இறங்கினால் கண்ணைக் கட்டிவிட்டாலும் இதுதான் இடம் என்று சொல்லலாம் என்பார்கள். இப்போது அங்கே இறங்குகிறவனுக்குக் கண் இருந்தாலும் தெரியாது.

இன்று உடைந்தது அந்தச் சீசா. இத்தனை காலம் தினமும் இரண்டு வேளை திறந்து மூடியும் பாதிக்கு மேல் இருந்தது. பழந்துணியால் துடைத்தேன், சோப்புத் தண்ணீர் போட்டு மறுபடி துடைத்தேன். துடைத்த துணியை எறிய மனம் வராமல் பால்கனிக் கம்பியில் போட்டேன். மத்தியானம் பால் பாக்கெட் வாங்கப் போகிற சாக்கில் கீழே இறங்கி, தேவகியிடம் இன்னும் வருகிறதா என்று கேட்டேன்.

“வருது சார். காலைல கொமட்டுச்சு. இப்போ பழகிடுச்சு. ஒருமாதிரி நல்லாத்தான் கீது.”

மேலே வந்து கதவைத் திறந்தே வைத்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். காற்றோட்டம் குறைந்தால் ஆவியாவது குறையும். இதற்குச் செயல்முறைக் குறிப்பு வேண்டியதில்லை. சட்டைக் கையை மோந்து பார்த்தேன், விதிப்படி. நாற்காலியைப் படிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வாசனை இருக்கிறது என்று தேவகி சொல்லிவிட்டாளே, அதில் உட்கார்ந்திருப்போம் என்றுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தேவகி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். திரும்பி இறங்கும்போது நிறுத்திக் கேட்டேன்.

அவள் படியில் நின்று, மூக்கை உயர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உறிஞ்சிப் பார்த்தாள்.

“இல்ல சார். போயிடுச்சு.”

“எப்போ?”

“அத யாரு சார் பாத்துக்கினு இருந்தாங்க?” என்றாள், துணிகளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டே.